ஒத்திகைக் கும்பல்

தண்ணீர் வேண்டும் என்று கத்த வேண்டும், இன்றைக்கு என் வேலை அவ்வளவுதான், இதற்கு ஒரு எம்.ஏ. அரசியல் அறிவியல். டிராக் பேண்டுக்கு மேலே மெஸ் அக்காவிடம் இரவல் வாங்கிய பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, இடுப்பில் மஞ்சள் பிளாஸ்டிக் குடம், காலி, வெயிலில் காய்ந்து அதிலிருந்து ஒரு வாடை வருகிறது. என்னைப் போலவே நைட்டி மாட்டிய பாதிப் பேர் எனக்கு இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் மைதானத்தின் அந்தக் கோடியில் ஹெல்மெட், கேடயம், லத்தியோடு சிரிக்காமல் நிற்கிறார்கள். காலையில் எல்லாரும் ஒரே அண்டாவிலிருந்து பொங்கல் தின்றோம். காவலர் பயிற்சிப் பள்ளியில் இதற்கு மாப் ஆபரேஷன் என்று பெயர், கும்பலைக் கலைக்கிற ஒத்திகை, பாதி ரெக்ரூட் பொதுமக்கள், பாதி ரெக்ரூட் போலீஸ், நாளைக்கு டி.ஐ.ஜி. வந்து பார்க்கப் போகிறார், ஆகவே இன்றைக்குச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. ஒரு தடவை ஓடி முடித்தாயிற்று. "பொதுமக்களுக்குக் கோவமே வரலியே," என்று மெகாபோனில் சொல்கிறார் ரெஜினா மேடம், எங்கள் கவாத்து ஆசிரியை, நாகர்கோவில் பக்கம், மெகாபோன் இல்லாமலே பேசினாலும் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். "கல்யாண வீட்டுல பந்திக்கு நிக்குத மாதிரி நிக்கியோ. கோவப்படுங்க பிள்ளேளா!" கோபப்படச் சொல்லி எனக்கே உத்தரவு. இந்தக் கோபத்தை அடக்கச் சொல்லித்தானே எட்டு மாதமாக என்னை இந்த மைதானத்தைச் சுற்றி ஓட விட்டீர்கள். சரி, வாதத்துக்காகக் கேட்கிறேன், ஏன் எப்போதும் தண்ணீர்? நகைக்கடையை உடைக்க வந்த கும்பலாக இருக்கக் கூடாதா, பஸ்ஸைக் கொளுத்த வந்தவர்களாக இருக்கக் கூடாதா? நாமே உண்டாக்குகிற கும்பல், அதன் வாயில் எந்தக் கோரிக்கையை வேண்டுமானாலும் வைக்கலாம், அப்படியிருக்க உலகத்திலேயே நியாயமானதைத் தேடிப்பிடித்து வைத்து அதன்மேல் லத்தி வீசிப் பழகுகிறோமே, இது யாருக்கும் உறுத்தவில்லையா? ஒரு நாள் வகுப்பில் எழுந்து கேட்டே விட்டேன். ரெஜினா மேடம் கோபப்படாமல் சொன்னார், "நகைக்கடைய ஒடைக்க வாரவன் எப்பவோ ஒருக்க வருவான். தண்ணி கேட்டு வாரவதான் தெனமும் வருவா. யார் முன்னால போய் நிக்கப் போறியோ அவள வச்சுத்தான பழகணும்?" அந்தப் பதிலில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது, ஆனால் அது மேடத்தின் அநியாயம் இல்லை, மேடம் தான் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். இப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. என் கண் எதிர்வரிசையில் வலமிருந்து இரண்டாவது ஆளின் இடது காலில் இருக்கிறது. பேச்சியம்மாள். ஹெல்மெட்டின் கண்ணாடி முகத்தை மறைத்தாலும் எனக்குத் தெரியும், எடை முழுக்க வலது காலில், இடது பூட்ஸின் நுனி மட்டும் தரையில், பூனை சூடான ஓட்டில் கால் வைப்பது மாதிரி.

ஒரு விரல் அகலம்தான். இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஒரு விரலை வைத்தால் மறைந்துபோகிற அளவுக்கு ஓர் இடம். அதற்குமேல் ஒரு விரல் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை, கீழே ஒரு விரல் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை, அந்த இடத்தில் அழுத்தினால் பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், என் கையிலிருந்து சோப்பு வழுக்கி அங்கே விழுந்தது, சோப்பு, அரைச் சோப்பு, அதற்கு அவள் துள்ளி எழுந்தாள். அப்புறம் சிரித்தாள். "எட்டி எம்மே, ஒரு சோப்புக்கு அழுதவள நீ பாத்திருக்கியா?" இங்கே என்னை எல்லாரும் எம்மே என்றுதான் கூப்பிடுவார்கள், படிப்பு என் பெயரைத் தின்றுவிட்டது. எலும்பில் மயிரிழையாகக் கீறல் விழுந்திருக்கும், ஓடி ஓடி விழும், ராணுவத்தில் சேருகிறவர்களுக்கெல்லாம் வரும், படித்திருக்கிறேன், ஓய்வு கொடுத்தால் தானாகக் கூடிவிடும், ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். "போனா?" என்றாள். படம் எடுப்பாங்க. "எடுத்தா?" ஓய்வு தருவாங்க. "தந்தா?" ஓய்வு தந்தா குணமாகும், வேற என்ன? "குணமாவும்லா, நல்லா குணமாவும். அடுத்த வாரம் கடைசித் தேர்வு. ஓய்வு தந்தா நான் அடுத்த பேட்ச். அடுத்த பேட்ச் எப்பன்னு அவங்களுக்கே தெரியாது. நான் கபடி ஆடி வந்தவ, விளையாட்டு ஒதுக்கீடு. காலு போனவளுக்கு என்னட்டி ஒதுக்கீடு?" பல்கலைக்கழகத்தில் நான் தோற்ற விவாதம் கிடையாது, பரிசுக் கோப்பைகளை வைக்க இடமில்லாமல் அம்மா ஒன்றில் கரண்டி போட்டு வைத்திருக்கிறாள். துவைக்கிற கல்லின் பக்கத்தில் தோற்றேன். தோற்றதோடு நிற்கவில்லை, சத்தியம் வேறு செய்து கொடுத்தேன், யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று, என் தலையில் கை வைத்துச் செய்யச் சொன்னாள், தலையில் சோப்பு நுரை. இதில் எது நியாயம்? ஒரு பெண்ணுக்குக் கால் வலிக்கிறது, அவள் அதைச் சொன்னால் தண்டனை, சொல்லாவிட்டால் காலே போகும். இதை யார் வகுத்தது? கையெழுத்துப் போட்டவர் எந்த நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு போட்டார்? கோபப்படுங்க பிள்ளேளா என்றால் நான் இதற்குக் கோபப்படுவேன் மேடம், தண்ணீருக்கு இல்லை.

பியூகிள் ஊதுகிறது. இரண்டாவது தடவை. எங்கள் பக்கம் குடங்களைத் தூக்குகிறோம், "வேண்டும் வேண்டும், குடிநீர் வேண்டும்," பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, "சாம்பாருல காய் வேண்டும்," என்று சேர்த்துக்கொள்கிறாள், சிரிப்பு பரவுகிறது, கல்லுக்குப் பதிலாக நனைத்த துணிப்பந்துகளை எறிகிறோம், அவை கேடயங்களில் பொத் பொத் என்று விழுந்து சறுக்குகின்றன. எதிரே இரண்டு பேர் பேனரை விரிக்கிறார்கள், இது சட்டவிரோதக் கூட்டம், கலைந்து செல்லாவிட்டால் தடியடி நடத்தப்படும். அந்த வாசகத்தை முதலில் நான் படித்தது இங்கே இல்லை. பல்கலைக்கழக வாசலில், விடுதிக் கட்டணத்துக்காக நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, எங்களுக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார்கள், துணியில் ஒரு ஓட்டை இருந்தது, ஓட்டை வழியாக ஒரு கான்ஸ்டபிளின் கண் தெரிந்தது. கூடப் படித்த நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போலீஸ் தேர்வில் தேறியதைச் சொன்னபோது அதே நஸ்ரின், "உள்ள போய் மாத்தப் போறியா? போனவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க," என்றாள். அதற்குப் பிறகு ரம்ஜானுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அவளிடம் சொல்ல என்னிடம் பத்துக் காரணங்கள் இருந்தன, வரிசையாக, முதல் காரணம், இரண்டாவது காரணம். பேச்சியிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஏன் போலீஸ் என்று கேட்டால், "எனக்கு இது பிடிச்சிருக்கு." ஏன் பிடித்திருக்கிறது? "பூட்ஸ் போட்டு நடந்தா சத்தம் வருதுலா? அது பிடிச்சிருக்கு. நான் வாரேன்னு முன்னாலயே தெரியுதுலா." எதிரே போலீஸ் வரிசை ஓடிவருகிறது. ஓடுகிறேன், எல்லாரும் கூச்சலிட்டு ஓடுகிறோம், நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடம் ஒன்று உருண்டு போகிறது, முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம், அத்தனை சத்தத்தில் ஒரு சத்தம் மட்டும் பிந்தி வருகிறது, எல்லாக் காலும் விழுந்த பிறகு ஒரு கால், பேச்சியின் கால். மெதுவாக ஓடுகிறேன், நான் மெதுவாக ஓடினால் என்னைத் துரத்துகிறவளும் மெதுவாக ஓடலாமே, ஆனால் அப்படியில்லை போலிருக்கிறது, நான் வேகம் குறைத்ததும் அவள் திடீரென்று நிற்க வேண்டியதாகிறது, நிற்பதுதான் அதிகம் வலிக்கும், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு "ஸ்" கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். "ஓடுட்டி," என்கிறாள், லத்தியால் என் நிழலை அடித்தபடி. விசில். நின்றோம். "பரவால்ல," என்கிறது மெகாபோன், "ஆனா வரிசைல ஒரு ஆளு பிந்துது. வலப்பக்கம். இன்னொரு தடவ ஓடுவோம்." வலப்பக்கம் என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை பிந்தினால் கூப்பிடுவார், பூட்ஸைக் கழற்றச் சொல்வார், சாக்ஸுக்குள் சுற்றிய கட்டு தெரியும். இன்னொரு தடவை ஓடினால் அந்த ஒரு விரல் அகலம் என்னவாகும்? நான் சொல்லிவிட்டால்? தலையில் கை வைத்துச் செய்த சத்தியமாயிற்றே. சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, பேச்சிக்கு இருக்கிறது, அதுதான் சிக்கல், என் நம்பிக்கையின்மையை வைத்து அவளுடைய நம்பிக்கையை எப்படி உடைப்பது? ஓடக் கூடாது. யாரும் ஓடாமல் இருந்தால் யாரும் துரத்த வேண்டாம். கும்பல் ஓட வேண்டும் என்று யார் சொன்னது? எந்த விதியில் இருக்கிறது?

"எட்டி, இந்தத் தடவ நாம உக்காந்துருவோம்," என்று பக்கத்தில் சொல்கிறேன். "உக்காரவா? அடிப்பாங்களே." "அடிக்கட்டும், உக்காந்தவள எப்படித் துரத்துவாங்க?" அது வாய்க்கு வாய் போகிறது, எல்லாருக்கும் ஓடிக் களைத்த கால்கள், யாருக்குத்தான் கசக்கும். பியூகிள் ஊதுகிறது, பேனர் விரிகிறது, வரிசை கிளம்புகிறது, நான் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்காருகிறேன், என்னைச் சுற்றி நைட்டிகள் பலூன் மாதிரி ஊதி ஊதித் தரையில் அமர்கின்றன. அவர்கள் நான்கு தப்படி வந்து நின்றுவிட்டார்கள். நின்றார்கள்! லத்தியை ஓங்கியபடி என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பேச்சி ஓடவில்லை. மூச்சுக்கூட வாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன், இதுதான் வாதம் என்பது, கேள்வியை மாற்றிவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை, நஸ்ரின் பார்த்திருக்க வேண்டும். சுடுகிற மண் நைட்டியைத் தாண்டித் தொடையில் சுடுகிறது, அதுகூட நன்றாக இருக்கிறது. மெகாபோன் கொஞ்ச நேரம் கரகரத்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்கிறது. "நல்லா இருக்கே! யாரு இந்த ஐடியா, எம்.ஏ.யா? நல்லா இருக்கு பிள்ளேளா, நாளைக்கும் இதையே வச்சிருவோம். டி.ஐ.ஜி. ஐயாவுக்குப் பிடிக்கும். என்ன பாத்துட்டு நிக்கியோ? கேடயத்தக் கீழ வையி, ஒருத்திக்கு ரெண்டு பேரு, தூக்கிட்டுப் போய் வேன்ல ஏத்து!" தூக்கு. இந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது? வேன் மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது, நீல வேன், நிஜ வேன். உட்கார்ந்தவளைத் துரத்த மாட்டார்கள், தூக்குவார்கள். என்னையே ஒரு தடவை தூக்கியிருக்கிறார்கள், பல்கலைக்கழக வாசலில், கையையும் காலையும் பிடித்து, அப்போது எனக்கு வானமும் ஒரு டியூப்லைட் கம்பமும் தெரிந்தன, தூக்கியவர்களை நான் பார்க்கவேயில்லை, அவர்களுக்குக் கால் இருந்ததா, அந்தக் காலில் ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தோன்றவேயில்லை. தூக்குகிறவர்களைப் பற்றி எங்கள் விவாதங்களில் ஒரு வரி கிடையாது. என் முன்னால் இரண்டு ஜோடி பூட்ஸ் வந்து நிற்கின்றன. ஒன்றின் நுனி மட்டும் தரையில். "கொழுப்பாட்டி உனக்கு?" என்கிறாள் பேச்சி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முகமெல்லாம் வியர்வை. "உனக்காகத்தான் பேச்சி, நீ ஓட வேண்டாம்னு..." "எனக்காவன்னா ஓடிருக்கணும். ஓடுனா என் ஒரு ஆளு கனந்தான. இப்ப உன் கனத்தையும்லா சேத்துச் சொமக்கணும்."

குனிந்து என் வலது அக்குளுக்குள் கை கொடுக்கிறாள். கபடியில் ஆளைப் பிடிக்கிற பிடி, நழுவ முடியாது. இடது பக்கம் பிடித்த பெண், "இவள நீயே இழுத்துருவட்டி, அங்க பவானியத் தூக்க நாலு பேரு போதல," என்று சிரித்துக்கொண்டே கையை விட்டுவிட்டு ஓடிப்போகிறாள். பேச்சியின் தாடை இறுகுகிறது. போராட்டத்துக்குப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான், உடம்பைத் தளர விடு, பிணம் மாதிரி கனத்துக் கிட, அவர்கள் வேலையை எளிதாக்காதே. என் உடம்புக்கு அது பழக்கமாகிவிட்டது, கை பட்டதும் தானாகவே தளர்கிறது, தோள் தொங்குகிறது, வேண்டாம், வேண்டாம், கேள், உடம்பே, இப்போது இல்லை. பாதத்தைத் தேடுகிறேன். நைட்டிக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி எழுகிறேன், இழுபடுகிற மாதிரி தலையை மட்டும் தொங்கவிட்டு, "ஒழிக ஒழிக" என்று கத்திக்கொண்டு. அவள் தோளுக்கடியில் என் தோளைக் கொடுக்கிறேன். "சாஞ்சுக்க," என்கிறேன், ஒழிகவுக்கும் ஒழிகவுக்கும் நடுவே. அவள் சாய்வதில்லை, பிடிவாதம், மூன்று தப்படிக்குச் சாயவில்லை, நான்காவதில் சாய்கிறாள், எவ்வளவு கனம், இரும்பு மாதிரி, இத்தனை கனத்தையா அந்த ஒரு விரல் அகலம் இத்தனை நாள் தாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு போலீஸ் ஒரு போராட்டக்காரியை இழுத்துக்கொண்டு போகிறாள். "பாத்துக்கிடுங்க!" என்கிறது மெகாபோன் பெருமையாக. "பேச்சியம்மா எப்பிடி இழுக்கா பாருங்க, ஒத்தையில! அதான் பிடி!" பேச்சி என் காதுக்குள் சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. வேனின் பின்படி உயரம். முதலில் என்னை ஏற்ற வேண்டும், அப்புறம் கதவைச் சாத்த வேண்டும். நானே ஏறிக்கொள்கிறேன் என்கிறேன். "தள்ளணும்ட்டி, எல்லாரும் பாக்காவ," என்று இடது காலை ஊன்றி என் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறாள். நான் உள்ளே விழுகிறேன். திரும்பிப் பார்த்தால் அவள் படியில் உட்கார்ந்திருக்கிறாள், ஹெல்மெட் கழன்று கீழே கிடக்கிறது, முகத்தில் ரத்தமே இல்லை. "எம்மே," என்கிறாள், மெதுவாக, எனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்கிற மாதிரி, "சத்தம் கேட்டுச்சு." என்ன சத்தம்? "உள்ள. காலுக்குள்ள." அவள் கையைப் பிடிக்கிறேன், சில்லென்று இருக்கிறது, இந்த வெயிலில். "சத்தியம் போவட்டும். மேடத்தக் கூப்புடு," என்கிறாள். "சொல்லிரு."

குதிக்கிறேன். மேடம் மைதானத்தின் நடுவில், எனக்கும் அவருக்கும் இடையில், தூக்கத் திணறி மேடம் சொல்லித் திரும்பவும் வரிசை கட்டியவர்களின் கேடயங்கள், வரிசைக்கு இந்தப் பக்கம் மிச்சமிருக்கிற நைட்டிகள் தூக்கச் சொல்லி உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கின்றன. "நிறுத்துங்க!" என்று கத்துகிறேன், "நிறுத்துங்க, அடிபட்டிருக்கு!" நைட்டிகள் திரும்பிப் பார்த்து உற்சாகமாகக் குடத்தில் தாளம் தட்டுகின்றன, "நிறுத்து நிறுத்து! தடியடியை நிறுத்து!" இல்லடி, நிஜமா. "நிஜமா நிஜமா!" என்கிறார்கள், இத்தனை நாளும் பந்திக்கு நிற்கிற மாதிரி நின்றவர்களுக்கு இன்றைக்கென்று கோபம் பொங்கி வருகிறது. நைட்டி காலைத் தட்டுகிறது, தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், வரிசையை முட்டுகிறேன், கேடயம் என் நெஞ்சில் வந்து நிற்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை, நேற்று என் பக்கத்துக் கட்டிலில் தூங்கியவளாகக்கூட இருக்கலாம். "விடுடி, ஒருத்திக்குக் கால் முறிஞ்சிருக்கு!" மெகாபோன் வரிசைக்கு மேலாக வருகிறது, "விடாத! அடிபட்டுட்டுன்னுதான் கத்துவா, பிள்ளத்தாச்சின்னு கத்துவா, நம்பி வழி விட்டா வரிசை ஒடஞ்சிரும். இதத்தான் நாளைக்கும் செய்யணும், அருமையா நடிக்கா பாரு!" நான் எல்லா மேடையிலும் பேசியிருக்கிறேன், எதிரணியின் வாயை மூடியிருக்கிறேன், இப்போது என் தொண்டையிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வந்ததும் நடிப்பாகிவிடுகிறது. இன்னும் சத்தமாகக் கத்தினால் இன்னும் நன்றாக நடிக்கிறேன் என்று ஆகிறது. மேடம் கெட்டவர் இல்லை. இந்தக் கேடயத்துக்குப் பின்னால் இருக்கிறவளும் கெட்டவள் இல்லை. எல்லாரும் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்கிறார்கள், வேப்பமரத்தடியில் ஒருத்தி சத்தம் கேட்ட காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை பேர் இப்படிக் கேடயத்தில் வாயை வைத்து நிஜத்தைச் சொல்லியிருப்பார்கள்? கத்துவதை நிறுத்துகிறேன். வேறு வழி தெரியவில்லை. கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறேன், என் மூச்சு அதில் பட்டு மூடுபனி மாதிரி படிகிறது, கலைகிறது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் என்னைத் தாண்டி வேன் பக்கம் போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது. "பேச்சிக்கு," என்கிறேன், சாதாரணக் குரலில், காலையில் பொங்கலுக்கு நெய் கேட்ட குரலில். கேடயம் அசையவில்லை. மெகாபோன், "வரிசை, வரிசை!" என்கிறது. கேடயத்துக்குப் பின்னாலிருந்து, உதடு அசையாமல், பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூடக் கேட்காத குரலில் அந்தப் பெண் கேட்கிறாள், "நெசமாவாட்டி?" இந்த எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நெசமா," என்கிறேன். கேடயம் நகர்கிறது, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு.